முத்துலட்சுமி ரெட்டி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி (ஜூலை 30, 1886 - ஜூலை 22, 1968) தமிழகத்தைச் சேர்ந்த மருத்துவர், சமூக சீர்திருத்தவாதி, சென்னை மாகாண சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர் ஆவார். சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டத்தின் மூலம் ஒழிக்க இவர் எடுத்த முயற்சியும், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்ததும் பரவலாக அறியப்பட்டவை. குழந்தைகளுக்கென்று தனி மருத்துவ வசதி வேண்டும் என்று இவர் சட்டமன்றத்தில் வாதாடியது அந்த அளவிற்குப் பேசப்படுவதில்லை. ஆயினும் அவருடைய பொதுவாழ்வில் இவை வெவ்வேறு பணிகளாக இருக்கவில்லை. தனக்காகத் தானே முடிவெடுக்க இயலாத ஒரு குழந்தையின் உடலும் எதிர்காலமும் யாருடைய பொறுப்பு, பெற்றோர் மரபின் பெயரால் எடுக்கும் முடிவில் அரசு தலையிடலாமா என்ற ஒரே கேள்வியைத்தான் மருத்துவமனையிலும் சட்டமன்றத்திலும் அவர் எதிர்கொண்டார்.

பிறப்பும் கல்வியும்

முத்துலட்சுமி அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள், கோயில் பணியுடன் தொடர்புடைய இசை வேளாளர் மரபைச் சேர்ந்தவர். இந்த உறவின் காரணமாகத் தந்தை தம் உறவினரால் ஒதுக்கப்பட்டார். பின்னாளில் முத்துலட்சுமி எதிர்த்த வழக்கம் அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த ஒன்றல்ல. தாய்வழி உறவுகளில் கண்டு வளர்ந்த ஒன்று. அவருடைய எதிர்ப்பில் இருந்த கடுமைக்கும் இதுவே காரணம் எனலாம்.

பருவமடைந்த பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புவது வழக்கத்தில் இல்லாத காலமாதலால் தந்தையும் ஆசிரியர்களும் வீட்டிலேயே பாடம் கற்பித்தனர். தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் தேறியபின், ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்ததால் அக்கல்லூரியின் முதல் மாணவியானார்.

1907 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912 இல் பட்டம் பெற்றார். அறுவை மருத்துவப் பேராசிரியராக இருந்த கர்னல் கிஃபோர்டு தம் வகுப்பில் பெண்களை அனுமதிக்காதவர் என்றும், முத்துலட்சுமி அப்பாடத்தில் பெற்ற மதிப்பெண்களுக்குப் பிறகே அந்நிலை மாறியது என்றும் கூறப்படுகிறது. மாணவப் பருவத்தில் சரோஜினி நாயுடுவின் அறிமுகமும் அன்னி பெசன்ட் அம்மையாரின் சொற்பொழிவுகளும் அவருக்குப் பொதுவாழ்வில் ஈடுபாட்டை உண்டாக்கின.

இவர் இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் என்று சில நூல்களிலும் பாடக்குறிப்புகளிலும் எழுதப்படுவது சரியன்று. ஆனந்திபாய் ஜோஷி, காதம்பினி கங்குலி ஆகியோர் 1886 ஆம் ஆண்டிலேயே, அதாவது முத்துலட்சுமி பிறந்த ஆண்டிலேயே, மருத்துவக் கல்வியை நிறைவு செய்துவிட்டனர். சென்னை மருத்துவக் கல்லூரியிலும் 1875 முதல் பெண்கள் பயின்றுள்ளனர். தமிழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற முன்னோடிப் பெண்களுள் ஒருவர் என்று கூறுவதே பொருந்தும்.

திருமணம்

1914 இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்ற உறுதிமொழியைப் பெற்ற பின்னரே திருமணத்திற்கு இசைந்தார். திருமணம் 1872 ஆம் ஆண்டின் பதிவுத் திருமணச் சட்டப்படி நடந்தது. அச்சட்டத்தில் ஒரு விந்தையான நிபந்தனை இருந்தது. அதன்படி மணம் செய்துகொள்வோர் தாங்கள் இந்து, முஸ்லிம், கிறித்தவம், பௌத்தம், சமணம், சீக்கியம் முதலிய எந்தச் சமயத்தையும் பின்பற்றுவோர் அல்லர் என்று அறிவிக்க வேண்டும். 1923 இல் செய்யப்பட்ட திருத்தத்திற்குப் பிறகே இந்துக்கள் தம் சமயத்தை மறுக்காமல் இவ்வகையில் மணம் செய்ய முடிந்தது. சமயத்திற்கும் சட்டத்திற்கும் இடையிலான சிக்கலை இவர் முதலில் சந்தித்த இடம் சட்டமன்றம் அன்று, தம்முடைய திருமணப் பதிவேடே. இத்தம்பதியருக்கு ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என்று இரு மகன்கள்.

அக்காலத்துச் சென்னையில் குழந்தை மருத்துவம்

முத்துலட்சுமி பட்டம் பெற்று, சென்னை அரசு மகப்பேறு மருத்துவமனையில் உள்ளுறை மருத்துவராகப் பணியாற்றிய காலத்தில், குழந்தை மருத்துவம் தனித்துறையாக இங்கு உருவாகவில்லை. நோயுற்ற குழந்தைகள் பெண்கள் பிரிவில் தாயின் படுக்கையிலோ, பெரியவர்களின் பொதுப் பிரிவிலோ கிடத்தப்பட்டனர். இருபதாம் நூற்றாண்டின் முதல் கால் பகுதியில் சென்னை நகரில் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று முதல் பிறந்தநாளுக்கு முன் இறந்தது. இலண்டனில் குழந்தைகளுக்கான கிரேட் ஆர்மண்ட் தெரு மருத்துவமனை 1852 இலேயே தொடங்கப்பட்டுவிட்டது. பம்பாயின் வாடியா குழந்தைகள் மருத்துவமனை திறக்கப்பட்டது 1929 இல்தான்.

இக்குறைக்குப் பணமின்மை மட்டும் காரணமாக இருக்கவில்லை. உயர்சாதி இந்துப் பெண்களும் கோஷா முறையைப் பின்பற்றிய முஸ்லிம் பெண்களும் ஆண் மருத்துவரிடம் காட்ட மறுத்தனர். பிற சாதியினருடன் ஒரே பிரிவில் தங்கவும் தயங்கினர். தாய் வராத இடத்திற்குக் குழந்தையும் வருவதில்லை. இந்த நிலையைக் கண்டுதான் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற ஆங்கிலப் பெண்மணியான மேரி ஷார்லீப் 1885 இல் சாதி இந்து, கோஷா பெண்களுக்கென்று ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். திருவல்லிக்கேணியில் உள்ள இன்றைய கஸ்தூரிபா காந்தி தாய் சேய் நல மருத்துவமனை அதுவே. வயதானவர்கள் பேச்சில் அது நெடுங்காலம் கோஷா ஆஸ்பத்திரியாகவே இருந்தது. மரபை எதிர்க்காமல், மரபின் விதிகளுக்குள் நின்று மருத்துவத்தைக் கொண்டு சேர்த்த முயற்சி அது. முத்துலட்சுமி பின்னர் தேர்ந்தெடுத்த வழி வேறு.

1925 இல் அரசு உதவித்தொகை பெற்று, பெண்கள், குழந்தைகள் நோய்களில் மேற்பயிற்சிக்காகக் குடும்பத்துடன் இலண்டன் சென்றார். செல்சி பெண்கள் மருத்துவமனையில் பதினொரு மாதங்கள் பயிற்சி பெற்றார். 1926 இல் பாரிசில் நடந்த அனைத்துலகப் பெண்கள் மாநாட்டில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார்.

சட்டமன்றத்தில்

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை 1921 இல் கிடைத்தது. சட்டமன்றத்தில் அமரும் உரிமை 1926 இல்தான் வந்தது. இந்திய மாதர் சங்கத்தின் பரிந்துரையை ஏற்று அரசு முத்துலட்சுமியை உறுப்பினராக நியமித்தது. மருத்துவத் தொழில் பாதிக்கப்படும் என்று முதலில் தயங்கிய அவர், பின்னர் ஏற்றுக்கொண்டார். உறுப்பினர்கள் ஒருமனதாக அவரை அவையின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். (அன்றைய அவை ஓரவை மன்றமாகும். 1937 க்குப் பிந்தைய மேலவையோடு இதனைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.)

அவையில் அவர் கொண்டுவந்த தீர்மானங்களில் ஒன்று பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்பது. அரசு இதனை ஏற்று, மகப்பேறு மருத்துவமனையில் குழந்தைகளுக்கான பிரிவைத் திறந்தது. கேட்டது மருத்துவமனை, கிடைத்தது ஒரு பிரிவு. எனினும் அரசுச் செலவில் குழந்தை நோயாளிக்கென்று ஓரிடம் என்ற கொள்கை ஏற்கப்பட்டது. நகராட்சிப் பள்ளிகளிலும் பிற கல்வி நிலையங்களிலும் மாணவர்களுக்கு முறையான மருத்துவப் பரிசோதனை நடத்தப்பட வேண்டும் என்றும் பரிந்துரைத்தார். நோய் வந்தபின் மருத்துவமனைக்கு வரும் குழந்தையை மட்டும் அன்றி, நலமாக இருப்பதாகக் கருதப்படும் குழந்தையையும் மருத்துவர் பார்க்க வேண்டும் என்பது அன்றைக்குப் புதிய கருத்து.

பொட்டுக்கட்டு ஒழிப்புச் சட்டம்

பொட்டுக்கட்டுதல் என்பது ஒரு சிறுமியைக் கோயில் இறைவனுக்கு மணம் செய்து கொடுப்பதாகக் கருதப்பட்ட சடங்கு. தாலியைப் போன்ற பொட்டு கட்டப்பட்ட பெண் வேறு மணம் செய்ய இயலாது. ஆடல், பாடல், கோயில் பணி ஆகியவை அவளுடைய கடமைகள். காலப்போக்கில் செல்வந்தர்களின் ஆதரவில் வாழும் நிலைக்கு இவ்வழக்கம் பெண்களைத் தள்ளியது.

இதனைத் தடுக்கச் சட்டமே இல்லை என்பதில்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 372, 373 ஆம் பிரிவுகள் வயது வராத சிறுமியைப் பரத்தமைத் தொழிலுக்காக விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியிருந்தன. அதற்கான வயது முதலில் 16 ஆகவும், 1924 இல் 18 ஆகவும் வரையறுக்கப்பட்டது. ஆனால் சடங்கு கோயிலில் சமயச் சடங்காக நடந்தது. பின்னாளில் அச்சிறுமி எந்த வாழ்வில் தள்ளப்படுவாள் என்ற நோக்கத்தை நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது எளிதாக இல்லை. எனவே நோக்கத்தை அன்று, சடங்கையே சட்டத்தின் வரம்பிற்குள் கொண்டுவர வேண்டும் என்று முத்துலட்சுமி கருதினார். எதிர்ப்பு முழுவதும் இந்த இடத்தில்தான் எழுந்தது.

1927 நவம்பரில் பொட்டுக்கட்டுவதைத் தடுக்க அரசு சட்டம் இயற்ற வேண்டும் என்ற தீர்மானத்தை அவையில் கொண்டுவந்தார், அது நிறைவேறியது. அரசு தயங்கியது. மக்களின் சமய நம்பிக்கைகளில் தலையிடுவதில்லை என்று விக்டோரியா அரசியார் 1858 இல் வெளியிட்ட அறிக்கை அதிகாரிகளின் மனத்தில் நிலைத்திருந்தது. அவையிலும் வெளியிலும் சிலர், குறிப்பாக சத்தியமூர்த்தி, இது இந்து சமயத்தில் தலையிடுவதாகும் என்றும் கோயில் கலைகள் அழிந்துவிடும் என்றும் வாதிட்டனர். முத்துலட்சுமியின் மறுமொழி இருவகைப்பட்டது. ஒன்று, இவ்வழக்கம் சமயத்தின் அடிப்படைக் கூறு அன்று, பிற்காலத்தில் சீர்கெட்ட ஒரு வழக்கமே என்பது. மற்றொன்று மருத்துவரின் வாதம்: பால்வினை நோய்களையும் அவற்றால் பிறவியிலேயே நோயுறும் குழந்தைகளையும் நேரில் கண்டவர் என்ற முறையில், இது ஒரு பொதுச் சுகாதாரச் சிக்கல் என்று அவர் எடுத்துரைத்தார். காந்தியடிகளும் தந்தை பெரியாரும் அவருடைய முயற்சியை ஆதரித்தனர். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அம்மரபிற்குள்ளிருந்தே இவ்வழக்கத்திற்கு எதிராகப் பரப்புரை செய்தார்.

முதல் வெற்றி நிலத்தின் வழியாக வந்தது. கோயில் பணிக்காகத் தேவதாசிக் குடும்பங்களுக்கு இனாம் நிலங்கள் அளிக்கப்பட்டிருந்தன. பணி நின்றால் நிலமும் போய்விடும். ஆகவே ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு சிறுமிக்குப் பொட்டுக்கட்டுவது குடும்பத்தின் வாழ்வாதாரத்தைக் காக்கும் வழியாக ஆகியிருந்தது. பக்தி மட்டும் அன்று, பட்டாவும் அச்சிறுமியைக் கோயிலோடு பிணைத்தது. இந்து சமய அறநிலையச் சட்டத்திற்கு முத்துலட்சுமி கொண்டுவந்த திருத்தம் 1929 ஆம் ஆண்டின் 5 ஆம் எண் சட்டமாக நிறைவேறியது. இதன்படி நிலம் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டது. பணி செய்யாமலேயே அப்பெண்கள் நிலத்தை வைத்துக்கொள்ளலாம். யாரையும் தண்டிக்காமல், சிறுமியைப் பொட்டுக்கட்டுவதற்கான பொருளாதாரக் காரணத்தை நீக்கிய இத்திருத்தம், பின்னர் வந்த தடைச்சட்டத்தைவிடக் குறைவாகவே நினைவுகூரப்படுகிறது.

பொட்டுக்கட்டுதலையே தடை செய்யும் மசோதாவை 1930 தொடக்கத்தில் கொண்டுவந்தார். அது சட்டமாகும் முன்பே, அவ்வாண்டு காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்துத் தம் பதவியைத் துறந்தார். மசோதா கிடப்பில் போடப்பட்டது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது 1947 ஆம் ஆண்டின் 31 ஆம் எண் சட்டமாக அது நிறைவேறியது. முதல் தீர்மானத்திற்கும் இதற்கும் இடையே இருபது ஆண்டுகள்.

இச்சட்டத்தின் இரு கூறுகள் கவனிக்கத்தக்கவை. பெண் இசைந்தாலும் இசையாவிட்டாலும் பொட்டுக்கட்டுதல் செல்லாது என்றும், பொட்டுக்கட்டப்பட்டவள் சட்டப்படி மணம் செய்துகொள்ளலாம் என்றும் அது கூறியது. சடங்கைச் செய்தவர், அனுமதித்தவர், உடந்தையானவர் ஆகியோருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ரூ. 500 வரை அபராதம் விதிக்கப்பட்டது. ஆனால் இத்தண்டனை 16 வயது நிறைந்தவர்களுக்கே பொருந்தும். அதாவது சடங்கில் மையமாக நிற்கும் சிறுமி குற்றவாளி ஆகமாட்டாள். இறைவனை மணாளனாகக் கொள்ளும் பக்தி தமிழருக்குப் புதியதன்று. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் அதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு. ஆனால் ஆண்டாள் அரங்கனைத் தானே விரும்பி வரித்ததாகவே மரபு கூறுகிறது. வயது வராத ஒருத்திக்குப் பெரியவர்கள் முடிவு செய்து கட்டும் பொட்டை அந்தப் பக்தியோடு ஒப்பிட இயலாது. சட்டம் தலையிட்டது நம்பிக்கையில் அன்று, இந்த முடிவில்தான்.

எதிர்த்த பெண்கள்

தேவதாசி மரபைச் சேர்ந்த பெண்களிலும் பலர் இம்மசோதாவை எதிர்த்து அரசுக்கு மனுக்கள் அனுப்பினர். பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர். அவர்களுடைய வாதத்தை வெறும் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. மற்ற இந்துப் பெண்களுக்கு இல்லாத சொத்துரிமையும், பெண் குழந்தையைத் தத்தெடுக்கும் உரிமையும், கல்வியும், கலைப் பயிற்சியும் தங்களுக்கு மரபாக இருந்ததை அவர்கள் சுட்டிக்காட்டினர். தங்கள் அனைவரையும் பரத்தையர் என்று பொதுப்படக் கூறுவது இழிவு என்றனர். 1932 இறுதியில் சதிர் நடனத்தை எதிர்த்து முத்துலட்சுமியும், ஆதரித்து வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயரும் நாளிதழ்களில் நடத்திய விவாதம் புகழ்பெற்றது. பிற்காலத்தில் அதே நடனம் பரதநாட்டியம் என்ற பெயரில் வேறு சமூகத்துப் பெண்களின் கலையாகி மேடையேறியது. மரபுவழிக் கலைஞர் குடும்பங்கள் பல வறுமையில் வாடின. அண்மைக் கால ஆய்வாளர்கள் இக்காரணத்தால் முத்துலட்சுமியைக் குறை கூறுகின்றனர். பெரியவர்களான கலைஞர்களின் நிலையைப் பொறுத்தவரை இக்குறையில் நியாயம் உண்டு. சிறுமிகளைப் பொறுத்தவரை எதிர்த்தரப்பு விடையளிக்காத கேள்வி ஒன்று இருந்தது: அவர்களுடைய விருப்பத்தை யார் கேட்டார்கள் என்பதே அது.

குழந்தை மணம்

பெண்ணின் திருமண வயதை உயர்த்த வேண்டும் என்றும் முத்துலட்சுமி தொடர்ந்து பேசினார். உடல் வளர்ச்சி முடியாத தாய்மாரின் பேறுகால மரணங்களும், எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் இறப்பும் அவருடைய சான்றுகள். 1929 இல் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணின் குறைந்த அளவு திருமண வயதை 14 ஆக்கியது. அவர் விரும்பியது இதனினும் உயர்ந்த வயது.

அவ்வை இல்லம்

சட்டமன்றத்திலிருந்து விலகிய காலத்தில், பொட்டுக்கட்டு வாழ்விலிருந்து தப்பிவந்த சிறுமியர் சிலர் அவருடைய வீட்டு வாயிலில் வந்து நின்றனர். சென்னையில் இருந்த மாணவியர் விடுதிகள் அவர்களுடைய பிறப்பைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுத்தன. சட்டம் போட்டு மீட்கலாம், மீட்டபின் எங்கே தங்கவைப்பது என்ற நடைமுறைக் கேள்வி இவ்வாறு எழுந்தது. தம் வீட்டிலேயே அவர்களைத் தங்கவைத்தார். அதுவே 1930-31 இல் அவ்வை இல்லமாக உருப்பெற்று, பின்னர் அடையாறு பகுதிக்கு மாற்றப்பட்டது. ஆதரவற்ற பெண்களும் குழந்தைகளும் சாதி வேறுபாடின்றிச் சேர்க்கப்பட்டனர். பள்ளியும் ஆசிரியர் பயிற்சியும் தொழிற்கல்வியும் அங்கு அளிக்கப்பட்டன.

புற்றுநோய் மருத்துவமனை

முத்துலட்சுமியின் தங்கை 1923 இல் குடற்புற்றுநோயால் இறந்தார். தொடக்கத்தில் அது சீதபேதி என்று தவறாகக் கருதப்பட்டது. மருத்துவராக இருந்தும் தங்கையைக் காக்க இயலாமற்போனது அவரைப் பெரிதும் பாதித்தது. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று பல ஆண்டுகள் வற்புறுத்தினார். குணப்படுத்த முடியாத நோய்க்கு எதற்கு மருத்துவமனை என்பதே பொதுவான எண்ணமாக இருந்தது. இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டினார். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று அடையாறில் குடிசைகளில் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதனை வளர்த்தெடுத்தார், டாக்டர் வி. சாந்தா அவருடன் இணைந்து பணியாற்றினார்.

பிற்காலம்

1937 இல் சென்னை மாநகராட்சியின் முதல் பெண் ஆல்டர்மேன் ஆனார். 1954 இல் மாநில சமூக நல வாரியத்தின் தலைவராகப் பொறுப்பேற்றார். 1956 இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது. சட்டமன்றப் பணியைப் பற்றியும் தம் வாழ்க்கையைப் பற்றியும் ஆங்கிலத்தில் நூல்கள் எழுதியுள்ளார். 1968 ஜூலை 22 அன்று சென்னையில் காலமானார்.

அவர் 1920களில் கேட்ட குழந்தைகளுக்கான தனி மருத்துவமனை, எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையாக 1960களில் முழு வடிவம் பெற்றது. பொட்டுக்கட்டுதலைப் பொறுத்தவரை, சென்னை மாகாணச் சட்டத்திற்குப் பின்னரும் கர்நாடகம் 1982 இலும் ஆந்திரப் பிரதேசம் 1988 இலும் தனித்தனியே தடைச்சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்தது.

தமிழக அரசின் ஏழைக் கர்ப்பிணிகளுக்கான மகப்பேறு நிதியுதவித் திட்டம் இவர் பெயரைத் தாங்கியது. இதன் உதவித்தொகை 2006 இல் ரூ. 6,000 ஆகவும், 2011 இல் ரூ. 12,000 ஆகவும், 2018 இல் ரூ. 18,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. தொகை ஒரே தவணையில் தரப்படாமல், கர்ப்பகாலப் பரிசோதனை, மருத்துவமனைப் பேறு, குழந்தைக்குத் தடுப்பூசி ஆகியவற்றோடு இணைத்துப் பிரித்து வழங்கப்பட்டது. இராஜபாளையம் அருகே உள்ள செட்டியார்பட்டி போன்ற சிற்றூர்களில் அவருடைய சட்டமன்ற உரைகளைப் படித்தவர் அரிது. தாய்மார்கள் அப்பெயரை அறிந்தது ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிரப்பிய விண்ணப்பத்தின் வழியாகவே. அவர் பிறந்த ஜூலை 30 ஆம் நாளை மருத்துவமனை நாளாகக் கொண்டாடுவதாகத் தமிழக அரசு 2019 இல் அறிவித்தது.